முதலில் நீர்மூழ்கி, அப்புறம் விமானம்: விசாகப்பட்டினம் டியூ-142 அருங்காட்சியகத்துக்குப் புதிதாகப் போகிறவர்களுக்கு

விசாகப்பட்டினத்தில் ஆர்.கே. பீச் ஓரமாகப் போகும் சாலையில், கடல் பக்க மணலில் ஒரு நீர்மூழ்கிக் கப்பல் நிற்கிறது. சாலைக்கு எதிர்ப்புறம் 50 மீட்டர் அகலத்துக்கு இறக்கை விரித்தபடி ஒரு விமானம் நிற்கிறது. நீர்மூழ்கியின் பெயர் ஐ.என்.எஸ். குர்சுரா. விமானம் டியூ-142. இரண்டும் சோவியத் ஒன்றியத்தில் கட்டப்பட்டவை. இரண்டும் இந்தியக் கடற்படையில் ஏறக்குறைய 30 ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்றவை. கடலுக்கடியில் ஒளிந்திருப்பது ஒன்றின் வேலை, அப்படி ஒளிந்திருப்பதைத் தேடிப் பிடிப்பது மற்றதன் வேலை.

வருகிறவர்களில் பலர் நேராக விமானத்தடிக்குப் போகிறார்கள். மூக்குக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு, உள்ளே ஒரு நடை போய்விட்டுக் கால் மணி நேரத்தில் வெளியே வந்துவிடுகிறார்கள். பெரிய விமானம் ஒன்றைப் பார்த்த நினைவு மட்டும் மிஞ்சும். அதனால் முதன்முறை போகிறவர்களுக்கு நான் அழுத்திச் சொல்வது ஒன்றுதான்: நீர்மூழ்கியை முதலில் பாருங்கள், விமானத்துக்கு அப்புறம் போங்கள். எதைத் தேடுவதற்காகச் செய்தார்கள் என்று தெரிந்துகொண்டு போனால்தான் அந்த விமானத்தின் ஒவ்வொரு பாகமும் பேச ஆரம்பிக்கும்.

அரக்கோணத்து விமானம்

போவதற்கு முன் இந்தச் சின்னக் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள். 1988-இல் இந்தியா இந்த ரகத்தில் 8 விமானங்களை வாங்கியது. முதல் சில ஆண்டுகள் அவை கோவாவில் ஐ.என்.எஸ். ஹன்சா தளத்தில் இருந்தன. 1992-இல் அரக்கோணத்தில் ஐ.என்.எஸ். ராஜாளி என்ற கடற்படை விமானத்தளம் தொடங்கப்பட்டதும் அங்கே வந்து சேர்ந்தன. 4 கிலோமீட்டருக்கு மேல் நீளமான ஓடுபாதை அங்கே இருக்கிறது. 2017 மார்ச் 29 அன்று ஓய்வு கொடுக்கும் வரை, 25 ஆண்டுகள் அரக்கோணம்தான் அவற்றின் வீடு. அரக்கோணம், திருத்தணி, சோளிங்கர் பக்கம் வளர்ந்தவர்கள் இந்த விமானத்தின் சத்தத்தைக் கேட்டே வளர்ந்திருப்பார்கள். இப்போது அந்த வேலையை அதே தளத்திலிருந்து போயிங் பி-8ஐ விமானங்கள் செய்கின்றன.

ஓய்வு கொடுத்த சில நாட்களில், 2017 ஏப்ரலில், ஒரு விமானம் விசாகப்பட்டினத்தின் ஐ.என்.எஸ். டேகா தளத்தில் கடைசியாக வந்து இறங்கியது. அதைப் பாகம் பாகமாகக் கழற்றி, சாலை வழியாகக் கடற்கரைக்குக் கொண்டுவந்து மறுபடி பூட்டி நிறுத்தினார்கள். அந்த ஆண்டு டிசம்பர் 7 அன்று அப்போதைய குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் அருங்காட்சியகத்தைத் திறந்து வைத்தார். மாதிரியோ நகலோ இல்லை, கடல் மேல் பறந்து வேலை பார்த்த அசல் விமானமே அங்கே நிற்கிறது. 29 ஆண்டுகளில் இந்த விமானப் பிரிவு 30,000 மணி நேரம் விபத்தே இல்லாமல் பறந்திருக்கிறது. அதைப் பராமரித்த தரைப் பணியாளர்களின் உழைப்பையும் இந்த எண்ணில் பார்க்க வேண்டும்.

எந்த நாள், எந்த நேரம்

திங்கட்கிழமை விடுமுறை. அந்த நாளில் போய் இறங்கிவிடாதீர்கள். மற்ற வார நாட்களில் பிற்பகலில்தான் திறப்பது வழக்கம், இரவு வரை பார்க்கலாம். ஞாயிறு, அரசு விடுமுறை நாட்களில் காலையிலும் திறப்பார்கள், ஆனால் கூட்டம் நெருக்கும். நேரமும் கட்டணமும் அவ்வப்போது மாறும் என்பதால் கிளம்புவதற்கு முன் ஒரு தடவை கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். இரண்டு அருங்காட்சியகங்களையும் விசாகப்பட்டினத்தின் பெருநகர வளர்ச்சி ஆணையமான வி.எம்.ஆர்.டி.ஏ. நடத்துகிறது. இரண்டுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட் உண்டா என்று கவுன்டரில் கேட்டுப் பாருங்கள்.

என்னைக் கேட்டால், வார நாளில் திறக்கும் நேரத்துக்கே போய் நிற்பதுதான் நல்லது. நீர்மூழ்கிக்குள் முதல் ஆட்களாக நுழைந்தால் நின்று பார்க்க இடம் கிடைக்கும். அதை முடித்துவிட்டுச் சாலையைத் தாண்டும்போது வெயில் தாழ்ந்திருக்கும், விமானத்தை வெளியே சுற்றிச் சுற்றிப் பார்க்கலாம். இரண்டுக்கும் சேர்த்து மூன்று மணி நேரமாவது ஒதுக்குங்கள். அக்டோபர் முதல் பிப்ரவரி வரை போவது உடம்புக்கு இதம், ஆனால் அக்டோபர், நவம்பரில் புயல் செய்தியையும் பார்த்துக்கொள்ளுங்கள். கோடையில் போனால் தண்ணீர் பாட்டில், தொப்பி இல்லாமல் போகாதீர்கள்.

போய்ச் சேர்வது

சென்னை சென்ட்ரலிலிருந்து கொரமண்டல் எக்ஸ்பிரஸில் காலையில் ஏறினால் இரவுக்குள் போய்விடலாம். ஹவுரா பக்கம் போகும் வேறு ரயில்களும் உண்டு. டிக்கெட் எடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: சில ரயில்கள் விசாகப்பட்டினம் நிலையத்துக்குள் போகாமல் துவ்வாடா வழியாக அப்படியே கடந்துவிடும். துவ்வாடாவில் இறங்கினால் கடற்கரைக்கு வர இன்னும் வெகுதூரம் சாலையில் போக வேண்டும். விசாகப்பட்டினம் நிலையத்திலோ, துவாரகா பஸ் நிலையம் என்கிற ஆர்.டி.சி. காம்ப்ளக்ஸிலோ இறங்கினால் ஆட்டோவில் சீக்கிரம் போய்விடலாம். "ஆர்.கே. பீச், சப்மரைன்" என்றால் போதும், எல்லா ஆட்டோக்காரர்களுக்கும் தெரியும். விமான அருங்காட்சியகம் அதற்கு நேர் எதிரே.

முதலில் குர்சுரா

1969 டிசம்பரில் கடற்படையில் சேர்ந்து 2001 பிப்ரவரியில் ஓய்வு பெற்ற நீர்மூழ்கி இது. 2002-இல் இதை அருங்காட்சியகமாக்கினார்கள். 91 மீட்டர் நீளம். 1971 போரில் அரபிக் கடலில் ரோந்து போயிருக்கிறது. 31 ஆண்டுகளில் 73,500 கடல் மைல் ஓடியிருக்கிறது. உள்ளே வழிகாட்டுகிறவர்கள் பெரும்பாலும் ஓய்வு பெற்ற கடற்படையினர். அவர்கள் பேசுவதைத் தவறவிடாதீர்கள். தெலுங்கு, இந்தி, ஆங்கிலத்தில் பேசுவார்கள். தயங்காமல் கேள்வி கேளுங்கள். கேள்வி கேட்கிற ஆள் கிடைத்தால் அவர்களுக்கும் உற்சாகம் வந்துவிடுகிறது.

உள்ளே குழாய்களும் வால்வுகளும் நெருக்கியடித்துக் கிடக்கும். எல்லாவற்றையும் புரிந்துகொள்ள முயன்றால் தலை சுற்றும். மூன்று விஷயங்களை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள், விமானத்தில் ஏறும்போது அவை கைகொடுக்கும்.

முதலாவது, பேட்டரி. இது டீசல் நீர்மூழ்கி. டீசல் என்ஜின் ஓடக் காற்று வேண்டும், ஆழத்தில் காற்றுக்கு எங்கே போவது? அதனால் நீருக்கடியில் பேட்டரியில் மின்மோட்டாரை ஓட்டித்தான் நகர வேண்டும். பேட்டரி தீரத் தீர, மறுபடி சார்ஜ் செய்ய மேல்மட்டத்துக்கு அருகே வந்தே ஆக வேண்டும். பேட்டரி எங்கே இருக்கிறது, மெதுவாகப் போனால் எத்தனை நாள் தாங்கும் என்று வழிகாட்டியிடம் கேளுங்கள்.

இரண்டாவது, மேலே நீளும் குழல்கள். முழு உடலையும் வெளியே காட்டாமல், ஸ்நார்க்கல் என்ற ஒரு குழலை மட்டும் நீர்மட்டத்துக்கு மேலே நீட்டி, காற்றை உறிஞ்சி என்ஜினை ஓட்டி பேட்டரியை நிரப்பிக்கொள்வார்கள். சுற்றிலும் பார்க்க பெரிஸ்கோப். நீர்மூழ்கிக்கு ஆபத்தான நேரம் அதுதான், ஏனென்றால் கடலுக்கு மேலே அதன் அடையாளம் ஏதாவது தெரிவது அப்போதுதான்.

மூன்றாவது, சத்தம். கடலுக்கடியில் ஒலி வெகுதூரம் போகும். மோட்டார், பம்பு, உள்ளே யாராவது கைதவறிப் போட்ட இரும்புச் சாவி எல்லாமே எதிரியின் காதுக்குத் தகவல். ஆனால் நம் பக்கத்துக் கடல்கள் போல மேல்மட்ட நீர் சூடாகவும் அடிநீர் குளிர்ந்தும் இருக்கும் இடங்களில், இரண்டும் சந்திக்கும் அடுக்கில் ஒலி வளைந்து திசை மாறிவிடும். அந்த அடுக்குக்குக் கீழே போய் ஒளிந்துகொள்வது நீர்மூழ்கித் தலைவர்களின் பழைய தந்திரம்.

75 பேர் வரை இதற்குள் வாரக்கணக்கில் இருந்திருக்கிறார்கள். படுக்கைகளையும் சமையலறையையும் பார்க்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் வெளியே வந்து நன்றாக மூச்சு விட்டு, இளநீர் கிடைத்தால் குடித்துவிட்டு, சாலையைத் தாண்டுங்கள். வண்டிகள் வேகமாக வரும் சாலை அது, பிள்ளைகளின் கையை விடாதீர்கள்.

விமானத்தை முதலில் வெளியே சுற்றுங்கள்

உடனே படியேற வேண்டாம். மூக்கிலிருந்து வால்வரை ஒருமுறை நிதானமாக நடங்கள், 53 மீட்டர். இந்தச் சுற்று எனக்கு உள்ளே போவதைவிடப் பிடித்தது.

முதலில் என்ஜின்கள். நான்கு என்ஜின்களிலும் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டிரண்டு விசிறிகள் இருப்பதைக் கவனியுங்கள். ஒவ்வொரு விசிறியிலும் 4 பிளேடுகள், ஆக ஒரு என்ஜினுக்கு 8. முன்விசிறி ஒரு பக்கம் சுற்ற, பின்விசிறி எதிர்ப்பக்கம் சுற்றும். முன்விசிறி காற்றை முறுக்கித் தள்ளுவதால் வீணாகும் சக்தியைப் பின்விசிறி பிடித்துப் பயன்படுத்திக்கொள்ளும். என்கே-12 என்ற இந்த டர்போபிராப் (டர்பைனால் விசிறியைச் சுழற்றும்) என்ஜின் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 15,000 குதிரைத்திறன் தரும். பயன்பாட்டுக்கு வந்த டர்போபிராப் என்ஜின்களில் இதைவிட வலுவானது எதுவும் இல்லை. சோவியத் என்ஜின் வடிவமைப்பாளர் குஸ்னெத்சோவின் தலைமையில் இதை உருவாக்கியவர்களில், இரண்டாம் உலகப் போருக்குப் பின் சோவியத் ஒன்றியத்துக்குக் கொண்டுபோகப்பட்ட ஜெர்மன், ஆஸ்திரியப் பொறியாளர்களும் இருந்தார்கள்.

அடுத்து இறக்கை. ஜெட் விமானத்தைப் போலப் பின்னோக்கிச் சாய்ந்திருக்கிறது, ஆனால் அதில் பூட்டியிருப்பது விசிறி என்ஜின். இப்படிப்பட்ட சேர்க்கையை வேறெங்கும் பார்ப்பது அபூர்வம். மணிக்கு 800 கிலோமீட்டருக்கு மேல் பறக்கும் வேகமும் வேண்டும், அதே சமயம் எரிபொருளைச் சிக்கனமாகச் செலவழித்துக் கண்டம் விட்டுக் கண்டம் போகும் தூரமும் வேண்டும் என்று தூபலெவ் வடிவமைப்பகம் கண்ட வழி இது. இதன் மூதாதை டியூ-95 என்ற குண்டுவீச்சு விமானம், 1952-இல் முதன்முதலாகப் பறந்தது. அதைக் கடல் வேட்டைக்காக மாற்றியமைத்ததுதான் டியூ-142. தரையிலிருந்து கிளம்பும்போது அதிகபட்சம் 185 டன் எடை இருக்கும். தேடும் இடத்துக்கு மேல் மணிக்கணக்கில் சுற்ற வேண்டிய விமானம், அதனால் அந்த எடையில் பெரும்பங்கு எரிபொருள்.

வயிற்றுப் பக்கம் குனிந்து பாருங்கள். கீழ்நோக்கிப் புடைத்திருப்பது ரேடாரின் உறை. குர்சுராவில் பார்த்த ஸ்நார்க்கல் குழல் நினைவிருக்கிறதா? பரந்த கடலில் நீட்டிய அந்தச் சின்னக் குழலையும் பெரிஸ்கோப்பையும் பிடிக்கத்தான் இந்த ரேடார். வயிற்றிலேயே கதவுகள் போட்ட அறைகள் உண்டு. டார்பிடோக்களும், நீருக்கடியில் வெடிக்கும் ஆழ்குண்டுகளும், மிதவைகளும் அங்கிருந்துதான் விழும்.

இப்போது வாலுக்கு வாருங்கள். செங்குத்து வாலின் உச்சியில் பின்னோக்கி நீண்டிருக்கும் குச்சியைப் பலர் ஆன்டெனா என்று நினைத்துக் கடந்துவிடுகிறார்கள். அது காந்த உணரி. ஆயிரக்கணக்கான டன் எஃகு ஓரிடத்தில் இருந்தால் பூமியின் காந்தப் புலம் அங்கே மிக லேசாகக் கலங்கும், அந்தக் கலக்கத்தை இது பிடிக்கும். விமானத்தின் உலோகமும் மின்கருவிகளும் இடைஞ்சல் செய்யாமல் இருக்க, முடிந்த அளவு தள்ளி வால் உச்சியில் வைத்திருக்கிறார்கள். இது அருகில் போனால்தான் வேலை செய்யும் என்பதால் இத்தனை பெரிய விமானம் கடலுக்கு மேலே தாழப் பறக்க வேண்டியிருந்தது. அதை ஓட்டியவர்களின் திறமையை இந்தக் குச்சிக்குக் கீழே நின்று யோசித்துப் பாருங்கள். உடலின் கடைக்கோடியில் 23 மில்லிமீட்டர் இரட்டைப் பீரங்கி. குண்டுவீச்சு விமானக் காலத்தின் மிச்சம் அது.

கூடமும் உள்பக்கமும்

விமானத்தில் ஏறுவதற்கு முன் காட்சிக்கூடம் இருக்கிறது. ஒலிவழிகாட்டிக் கருவி கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். விமானத்தின் பாகங்களும் அது சுமந்த கருவிகளும் அங்கே இருக்கும். எல்லாவற்றிலும் நிற்க நேரமில்லை என்றால் சோனோபாய் என்ற மிதவைக்கு முன்னால் மட்டுமாவது நில்லுங்கள். பார்க்கச் சாதாரண உருளை. விமானத்திலிருந்து கடலில் விழுந்ததும் பாதி மிதக்கும். அதன் அடியிலிருந்து கம்பியில் ஒரு நீரடி மைக் கீழிறங்கிக் கேட்கத் தொடங்கும். கேட்டதை வானொலி அலையில் மேலே சுற்றும் விமானத்துக்கு அனுப்பும். வலை விரிப்பது போலப் பல மிதவைகளைக் கணக்காகத் தூவி, எந்த மிதவையில் சத்தம் கூடுகிறது, எதில் குறைகிறது என்று ஒப்பிட்டால் நீர்மூழ்கி போகும் திசை தெரியும். குர்சுராவுக்குள் வழிகாட்டி ஏன் சத்தத்தைப் பற்றி அவ்வளவு பேசினார் என்பது இங்கேதான் விளங்கும்.

அப்புறம் படியேறி விமானத்துக்குள். வெளியே அத்தனை பெரிதாகத் தெரிந்தது உள்ளே ஒடுக்கமாக இருக்கும். பெரும்பகுதி இடத்தை எரிபொருளும் கருவிகளும் எடுத்துக்கொள்ள, மனிதர்களுக்கு மிஞ்சியது அவ்வளவுதான். பத்துப் பேருக்கு மேற்பட்ட குழு, பத்து மணி நேரத்துக்கும் மேலாக இதற்குள் உட்கார்ந்து திரைகளையும் ஒலிகளையும் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறது. வரிசை நகர்ந்துகொண்டே இருக்கும், நடுவில் நின்று மற்றவர்களை நிறுத்த முடியாது. அதனால் எங்கே யார் உட்கார்ந்திருப்பார் என்று கூடத்திலேயே பார்த்து வைத்துக்கொண்டு ஏறுவது நல்லது. பொத்தான்களையும் கைப்பிடிகளையும் தொடாதீர்கள். பழைய விமானத்தின் உதிரிப்பாகம் உடைந்தால் மாற்றுக்கு எங்கே போவார்கள்?

இந்த விமானங்கள் ரோந்து மட்டும் போகவில்லை. 1988 நவம்பரில் மாலத்தீவில் ஆட்சியைக் கவிழ்க்க நடந்த முயற்சியை முறியடித்த ஆபரேஷன் காக்டஸிலும், 1999 கார்கில் போர்க் காலத்திலும், 2011 முதல் கடற்கொள்ளையரைக் கண்காணிக்கும் பணியிலும் பங்கெடுத்தன.

பெரியவர்கள், பிள்ளைகள், கேமரா

நீர்மூழ்கி, விமானம் இரண்டிலும் படிகள் உண்டு, பாதை குறுகல், சில இடங்களில் தலையைக் குனிய வேண்டும். முட்டிவலி உள்ளவர்களும் அடைபட்ட இடத்தில் மூச்சுத் திணறும் உபாதை உள்ளவர்களும் நீர்மூழ்கியைத் தவிர்த்துவிட்டு விமானத்தை வெளியே சுற்றிப் பார்க்கலாம். அதிலேயே பாதிக்கு மேல் தெரிந்துவிடும். பட்டை இறுக்கிய செருப்போ ஷூவோ போடுங்கள். புடவையிலோ வேட்டியிலோ வருபவர்கள் படிகளில் கவனமாக இருங்கள். பெரிய பைகளைத் தங்குமிடத்திலேயே வைத்துவிடுங்கள்.

பிள்ளைகளை அழைத்துப் போனால் வீட்டிலேயே விளையாட்டை ஆரம்பித்து வையுங்கள். குர்சுராவில் ஒளிய மூன்று வழி கண்டுபிடிக்கச் சொல்லுங்கள், விமானத்தில் அந்த மூன்றையும் முறியடிக்கும் கருவியைத் தேடச் சொல்லுங்கள். எட்டு வயதுப் பிள்ளைகூட ஆர்வமாகத் தேடும்.

படம் எடுக்க எங்கே அனுமதி, கேமராவுக்குத் தனிக் கட்டணமா என்று வாசலிலேயே கேட்டுவிடுங்கள். முழு விமானமும் படத்தில் வர வேண்டுமானால் கொஞ்சம் தள்ளி, பக்கவாட்டில் நின்று எடுங்கள். டிரோன் வேண்டவே வேண்டாம். கிழக்குக் கடற்படைக் கட்டளையகத்தின் தலைமையிடம் இந்த ஊர். துறைமுகப் பக்கம் நிற்கும் போர்க்கப்பல்களையும் படம் எடுக்காதீர்கள்.

நேரம் மிஞ்சினால்

அதே கடற்கரைச் சாலையில் 1971 போரின் வெற்றி நினைவுச்சின்னம் இருக்கிறது. நீர்மூழ்கி வேட்டை இந்த ஊருக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு அங்கே நின்று கடலைப் பார்த்தாலே விடை கிடைக்கும். விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பலைத் தேடி வந்த பாகிஸ்தான் நீர்மூழ்கி காஸி, 1971 டிசம்பர் 3-ஆம் தேதி நள்ளிரவையொட்டி இந்தத் துறைமுகத்துக்கு வெளியேதான் மூழ்கியது. 90 பேருக்கு மேல் அதில் இறந்தார்கள். ஐ.என்.எஸ். ராஜ்புத் வீசிய ஆழ்குண்டுகளால் மூழ்கியது என்று இந்தியா சொல்கிறது, உள்வெடிப்பு அல்லது தன் கண்ணிவெடியே காரணம் என்று பாகிஸ்தான் சொல்கிறது. விக்ராந்த் அப்போது அந்தமான் பக்கம் பத்திரமாக இருந்தது.

கடற்படை விமானங்கள் பிடித்துப்போனால் அடுத்து கோவாவில் டபோலிம் விமான நிலையத்துக்கு அருகே போக்மாலோ சாலையில் உள்ள கடற்படை விமான அருங்காட்சியகத்துக்குப் போங்கள். சீ ஹாரியர், சீ ஹாக், அலிசே, சூப்பர் கான்ஸ்டெலேஷன் எல்லாம் அங்கே இருக்கின்றன. அங்கும் திங்கட்கிழமை விடுமுறை. பெங்களூருக்கு அடிக்கடி போகிறவர்களுக்குப் பழைய விமான நிலையச் சாலையில் எச்.ஏ.எல். அருங்காட்சியகம் பக்கம். இந்தியாவில் வடிவமைத்துக் கட்டிய மாருத் போர் விமானத்தை அங்கே அருகில் நின்று பார்க்கலாம்.